ராஜா கன்னத்தில் மைப்பொட்டு

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, புன்னைச் சீமை என்ற கடலோர நாட்டை மகுடவர்மன் என்கிற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காதில் எது முதலில் விழுகிறதோ அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். உடனே தண்டோரா போடச் சொல்வார். மறுநாள் அதை மாற்றி இன்னொரு தண்டோரா. பாவம், தண்டோராக்காரனுக்குத்தான் கை வீங்கிப் போகும்.

அவருடைய சேனாதிபதி வீரகேதுவுக்கு, மந்திரி சாத்தையனைக் கண்டாலே வயிறு எரியும். போதாததற்குச் சங்குமேடு என்ற மீனவர் குப்பத்தின் மேலும் ஒரு கண். அங்கே கடலைப் பார்த்து மாளிகை கட்டிக்கொள்ள ஆசை. குப்பம்தான் இடைஞ்சல்.

ஒருநாள் சபைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மகாராஜா! சங்குமேட்டுக்கு நானே நேரில் போய் வீடு வீடாகப் பார்த்தேன். இருபது ஆண்கள், இருபது பேரும் குறட்டை! அந்தக் குப்பமே சோம்பேறிக் குப்பம்."

ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அப்படியா சங்கதி? எல்லாரையும் மலையடிவாரத்துக்கு விரட்டு! அங்கே ஏரி வெட்டட்டும். அமாவாசைக்குள் குப்பம் காலியாக வேண்டும்."

சேதி கேட்டு, மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்கக்கூட மறந்து ஓடி வந்தாள் முத்துப்பேச்சி என்கிற மீன்காரி. "ராசா, எங்க ஆம்பளைங்க ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு விடியத்தான் கரைக்கு வாராங்க. பகல்ல தூங்காம என்ன செய்வாங்க? கடலை விட்டு எங்களைப் பிரிச்சா நாங்க செத்துருவோம் ராசா!" என்று அழுதாள்.

"நீ உன் ஆட்களுக்குப் பரிந்துதான் பேசுவாய். இருபதுக்கு இருபது, அம்மா! அதற்கு மேல் என்ன சாட்சி?" என்றார் ராஜா.

மந்திரி சாத்தையன் எழுந்தார். "மகாராஜா, சேனாதிபதி பார்த்ததாகச் சொன்னதில் பொய் கிடையாது."

சேனாதிபதிக்கே ஆச்சரியம். மீசையை முறுக்கிக்கொண்டார்.

மந்திரி தொடர்ந்தார்: "எனக்கு ஒரே சந்தேகம். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமா, ஆள் சோம்பேறிதான் என்று தெரிந்துவிடுமா?"

"தாராளமாக!" என்றார் ராஜா.

"பகலில் தூங்குகிறவர் யாராயிருந்தாலும் ஏரி வெட்டப் போகத்தான் வேண்டுமா?"

"யாராயிருந்தாலும்! செத்துப்போன என் தாத்தாவே எழுந்து வந்து தூங்கினாலும்!"

"அப்படியே தண்டோரா போட்டுவிடுகிறேன்" என்று மந்திரி கும்பிட்டார். முத்துப்பேச்சி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "நீங்களும் இப்படிப் பண்ணிட்டீங்களே, சாமி!"

இப்போது அந்த அரண்மனை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சபைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு 'ஆலோசனை வேளை' என்று பெயர். உள்ளே என்ன ஆலோசனை என்று வெளியே யாருக்கும் தெரியாது. குறட்டைச் சத்தம் மட்டும் கேட்கும்.

மறுநாள் பலாப்பழப் பாயசத்தோடு விருந்து. ஆலோசனை அமோகமாக நடந்துகொண்டிருந்தது. மந்திரி மைச்சிமிழோடு பூனைபோல உள்ளே நுழைந்தார்.

ராஜா கண் விழித்தவர் சேனாதிபதியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன ஐயா, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு! உம்மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள்?" சேனாதிபதிக்கும் ராஜாவைப் பார்த்துச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை இருக்காதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். சபையே ஒருவரை ஒருவர் கைகாட்டிச் சிரித்தது. கண்ணாடி வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"யார் செய்த வேலை இது?" என்று கர்ஜித்தார் ராஜா.

"நான்தான் மகாராஜா. தூங்குகிறவர்களை எண்ணினேன். எண்ணினவரையே மறுபடி எண்ணிவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு பொட்டு. சேனாதிபதி இருபது பேரைத்தான் பார்த்தார். நான் ஒருவரையும் விடவில்லை. சபை முழுக்கக் குறட்டை. தண்டோராப்படி எல்லாருக்கும் மண்வெட்டி வாசலில் தயார். மகாராஜாவுடையதற்கு மட்டும் வெள்ளிப் பூண் போடச் சொல்லியிருக்கிறேன்."

"அட பாவி! சாப்பிட்ட நேரமாகப் பார்த்து வந்து எண்ணினால் வேறு எப்படி இருக்கும்? காலையில் வந்து பார், நான் எத்தனை வழக்கு..." ராஜா சட்டென்று நிறுத்தினார். மெல்லச் சேனாதிபதி பக்கம் திரும்பினார். "ஓய், நீர் சங்குமேட்டுக்கு எந்த நேரத்தில் போனீர்?"

"ம... மத்தியானம், மகாராஜா."

"பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன வரையில் சரி" என்றார் மந்திரி. "மத்தியானம் இருபது பேர் தூங்கினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதை வைத்துக் குப்பமே எந்நேரமும் சோம்பேறி என்று முடிவு கட்டினாரே, அங்கேதான் கோளாறு."

"அப்படியானால் குப்பத்தைப் பற்றி எப்படித்தான் தெரிந்துகொள்வது? ஒவ்வொருவன் பின்னாலும் அலைய முடியுமா?"

"வேண்டாம் மகாராஜா. வீட்டுக்கு ஓர் ஓலை எழுதி ஒரு குடத்தில் போடுங்கள். வேளைக்கு ஓர் ஓலை எழுதி இன்னொரு குடத்தில் போடுங்கள். நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடி எடுங்கள். எந்த வீடு, எந்த வேளை வருகிறதோ அதைப் போய்ப் பாருங்கள். மாளிகை கட்டும் ஆசைக்கு அதில் இடம் கிடையாது. அப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இவ்வளவு மோசம் போகமாட்டோம்."

மாளிகை என்றதும் சேனாதிபதி முகம் வெளுத்தது. ராஜாவுக்கோ குடத்தில் கைவிட்டு எடுப்பது குஷியாகிவிட்டது. ஓலை எடுப்பதும் குப்பத்துக்கு ஓடுவதுமாக இருந்தார். சாயங்கால ஓலை வந்தபோது படகைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விடியற்கால ஓலை வந்தபோது வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியான ஓலைக்கு மட்டும் தூக்கம்.

பழைய தண்டோரா ரத்தானது. சங்குமேட்டுக் கரை என்றைக்கும் சங்குமேட்டாருக்கே என்று புதுத் தண்டோரா முழங்கியது. மந்திரிக்கு முத்துமாலை. சேனாதிபதிக்கு அடுத்த அமாவாசை வரை படகில் வேலை.

சில நாள் கழித்து ராஜா ஒரு மத்தியானத்தில் குப்பத்துக்குப் போனார். கவிழ்த்த படகின் நிழலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார் சேனாதிபதி. ராஜாவுக்குக் குறும்பு தலைக்கேறியது. கூட வந்த மந்திரியிடம் மைச்சிமிழை வாங்கி விரலில் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

"வேண்டாம் ராசா" என்று கையை மறித்தாள் முத்துப்பேச்சி. "தூங்கட்டும். ராவெல்லாம் வலை இழுத்த மனுசன்."

ராஜாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. விரலில் இருந்த மையைத் தன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். மத்தியான நேரம் அல்லவா? கொஞ்ச நேரத்தில் படகடியில் இரண்டு குறட்டை கேட்டது.