கல்யாண வேனும் கரும்புகையும்

கொல்லிமலை அடிவாரத்தில் அமுதவல்லிக்கு ஒரு டீசல் பட்டறை இருந்தது. பட்டறை வாசலில் அவளைவிட வயதான ஒரு மஞ்சள் லாரி நிற்கும். மலைப்பாதையில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவதுதான் அதன் வேலை.

அவளுக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் மாதேஸ்வரன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுடைய அப்பா வயது இருக்கும். அத்தனை வருடம் வண்டி ஓட்டியும் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே போய்விட்டதே என்ற குறை அவருக்கு. ஓய்வு பெற்ற கையோடு பட்டறைக்கு வந்து நின்றார்.

“டீசல் இன்ஜினைப் பத்திக் கத்துக்கணும். சேத்துக்குவீங்களா?”

“உங்கள நான் என்னன்னு கூப்பிடறதுங்க?”

“அண்ணான்னு கூப்பிடுங்க. நான் உங்களைக் குருன்னு கூப்பிடறேன்.”

அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் மறுநாளும் அப்படித்தான் கூப்பிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் கேலி செய்தார். அப்புறம் அவரும் குரு என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் மாதேஸ்வரன் கேட்டார்.

“குருவே, கரும்புகை எதனால வருது?”

அமுதவல்லி பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். பணியாரம் இருந்த தூக்குப்போசியை அவரிடம் நீட்டினாள்.

“வாய் கொள்ற மட்டும் போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின.

“இப்ப அந்த முருகன் கோயில் படியில ஓடுங்க.”

பாதிப் படி ஏறுவதற்குள் புரை ஏறிவிட்டது. இருமினார். பணியாரத் துணுக்குகள் சட்டையெல்லாம் சிதறின. கீழே அமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அதுதாங்க கரும்புகை!”

மாதேஸ்வரன் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கினார்.

“புரிஞ்சுபோச்சு. தீனி அதிகம், மூச்சு கம்மி. டீசல் ஏகமா உள்ள போவுது, காத்துப் பத்தல. சரிதானே?”

அமுதவல்லி மிச்சப் பணியாரத்தை எடுத்துத் தின்றாள்.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளன்று காலையில் பட்டறைக்கு போன் வந்தது. மலை ஏறிக்கொண்டிருந்த ஒரு வேன் நின்றுவிட்டது. கல்யாண வேன். உள்ளே கல்யாணப் பெண் இருக்கிறாள். பத்தரை மணிக்குள் தாலி கட்ட வேண்டும்.

மஞ்சள் லாரி கிளம்பியது. மாதேஸ்வரன் ஓட்டினார். அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வேன் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே நின்றிருந்தது. பெல்ட் அறுந்து இன்ஜின் கொதித்துப்போயிருந்தது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த டிரைவருக்குக் கை வெந்துவிட, யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மற்ற சொந்தபந்தங்கள் முன்னால் போன பஸ்ஸில் மேலே சேர்ந்துவிட்டார்கள். வேனில் மிச்சம் இருந்தது கல்யாணப் பெண் கோகிலவாணி, அவளுடைய அப்பா சென்னியப்பன், அத்தைமார் இரண்டு பேர், அப்புறம் கூரை முட்டச் சீர்ப்பாத்திரங்கள்.

“பொண்ணை மட்டும் எங்க வண்டியில ஏத்திக்கலாமுங்களே, சீக்கிரம் போயிரலாம்” என்றாள் அமுதவல்லி.

“அதெப்படி? பொண்ணும் சீரும் ஒண்ணாத்தான் போய் எறங்கணும்” என்றாள் பெரிய அத்தை. அவள் மடியில் ஒரு குத்துவிளக்கு இருந்தது. அதைவிட்டு அவள் அசைவதாக இல்லை.

வேனின் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் வளைவுகளில் பின்பக்கம் தரையில் உரசும். அதனால் அமுதவல்லி இரண்டு வண்டிக்கும் நடுவே இரும்புக் கம்பியை மாட்டினாள். இப்படி இழுக்கும்போது வேனிலும் ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

“நான் புடிக்கிறேன்” என்றார் சென்னியப்பன். “ட்ராக்டர் ஓட்டற கைதான். எம் பொண்ணு உக்காந்திருக்கற வண்டிய நாந்தான் புடிப்பேன்.”

யாரும் மறுக்கவில்லை. வண்டிகள் நகர்ந்தன.

அடுத்த வளைவு திரும்பியதும் லாரி முனக ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை கிளம்பியது. சும்மா இல்லை. மழை மேகம் போல மொத்தமாக எழும்பி வேனுக்குள் புகுந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் பைக்கில் புகைக்குள் நுழைந்து முந்திப்போன ஒருவர் மறுபக்கம் சாம்பல் வேட்டியோடு வெளியே வந்தார்.

வேனுக்குள்ளிருந்து சின்ன அத்தையின் குரல் கேட்டது.

“மாப்ள வூட்டுல பொண்ணு கரிச்சட்டியாட்டம் போய் எறங்கணுமா? நிறுத்துங்க!”

இன்ஜின் சூடு காட்டும் முள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் வேனைப் போல லாரியும் நின்றுவிடும். மாதேஸ்வரன் ஓரமாக நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள்.

“குருவே, மூச்சு அடைச்சிருக்கு. ஃபில்டர்தான். வேறொண்ணும் இல்ல.”

“பாருங்க.”

காற்று ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

“சுத்தமா இருக்கு.”

“மூச்சு இருக்கு. அப்புறம்?”

“தீனி. டீசலைப் பீச்சற நாசில் அளவுக்கு மேல கொட்டுது.”

“போன மாசம் நாசிலைக் கழட்டுனது யாருங்க?”

“நாந்தான். நீங்கதான் சரி பாத்தீங்க.”

“இப்ப கம்பியைக் கழட்டாம, கியர் போடாம, சும்மா ஆக்ஸிலரேட்டர் குடுங்க.”

கொடுத்தார். புகைக்குழாய் ஒரு தடவை கறுப்பாகத் துப்பியது. அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது.

“சும்மா நின்னா வரல” என்றார் மாதேஸ்வரன். “இழுக்கறப்பத்தான் வருது. அப்ப வேன் ரொம்பக் கனம்.”

“முந்தாநாள் சிமெண்ட் லாரிய இழுத்தோமே. அது?”

“அது இதைவிடக் கனம்.”

“புகை வந்துச்சா?”

“இல்ல.”

மாதேஸ்வரன் தலையைச் சொறிந்தார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மேலிருந்து மேளச் சத்தம் கேட்பது போல அவருக்கு ஒரு பிரமை.

“குருவே, மூச்சும் சரி, தீனியும் சரி. இன்ஜின்ல எங்கதான் கோளாறு?”

அமுதவல்லி லாரிக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். திறந்து கிடந்த பானெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரியைத் தாண்டினாள். இரும்புக் கம்பியைத் தாண்டினாள். வேனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் ஊற்றினாள்.

சுர்ரென்று ஆவி எழுந்தது.

மாதேஸ்வரன் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் இறக்கத்தில் இறங்கும்போது சக்கரம் சுடும். அது அவருக்குத் தெரியும். ஏற்றத்தில் ஏறும் வண்டியின் சக்கரம் எதற்குச் சுட வேண்டும்?

அவர் நிமிர்ந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். சென்னியப்பன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடப்பாவமே! வர்ற வழியெல்லாம் பிரேக்கு…”

அமுதவல்லி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

வேனின் மறுபக்கக் கதவு திறந்தது. கோகிலவாணி இறங்கி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மூக்கு நுனியில் கரி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அக்கா, நான் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். ஒவ்வொரு வளைவுலயும் அப்பா கால் தானா பிரேக்குக்குப் போவுது. அவருக்கே தெரியல. சொல்ல எனக்கு மனசு வரல.”

அமுதவல்லி தலையாட்டினாள். பிறகு டிரைவர் பக்கம் போனாள்.

“ஐயா, நீங்க எங்க வண்டியில வந்து உக்காருங்க. எங்களுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேணும்.”

சென்னியப்பன் குழம்பினார்.

“மலைக்கு இருக்கறது ஒரே ரோடுதானேம்மா?”

“இருந்தாலும் துணைக்கு ஒரு ஆள் வேணுமுங்களே.”

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். சக்கரத்தில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு தன் வலது காலைப் பார்த்தார்.

“நானா?” என்று கேட்டார்.

கோகிலவாணி கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்தாள்.

“எறங்குப்பா. நான் ஓட்டிக்கிறேன்.”

“பட்டுப்பொடவையோடயா?” என்று அலறினாள் பெரிய அத்தை. “கல்யாணப் பொண்ணு வண்டி ஓட்டிக்கிட்டுப் போயி எறங்குனா ஊரு என்னடி சொல்லும்?”

“நேரத்துக்கு வந்துட்டான்னு சொல்லும். லைசன்ஸ் இருக்குது அத்தை. நீ வெளக்கைப் புடி.”

சென்னியப்பன் இறங்கினார். முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. தோளில் கிடந்த துண்டால் மகளின் மூக்கு நுனிக் கரியைத் துடைத்தார். அப்புறம் அதே துண்டால் தன் கண்ணைத் துடைக்க, கரி அவர் முகத்தில் ஏறியது. கோகிலவாணி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தைமாரும் சேர்ந்துகொண்டார்கள்.

சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு கல்லை எடுத்தார்கள்.

லாரி ஏறியது. அதே ஏற்றம், அதே வேன், அதே பாத்திரங்கள். புகைக்குழாயில் மெல்லிய சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. சில வளைவுகள் தாண்டியதும் அதுவும் மறைந்தது. சூடு காட்டும் முள் மெதுவாகக் கீழே இறங்கியது. மாதேஸ்வரன் உற்சாகத்தில் ஹாரன் அடித்தார். பின்னாலிருந்து கோகிலவாணி வேன் ஹாரனை அடித்தாள். பேட்டரி பலவீனமாக இருந்ததால் அது ஆட்டுக்குட்டி கத்துவது போலக் கேட்டது.

சென்னியப்பன் லாரியில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். ரோட்டையே பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிக் கண்ணாடியில் பின்னால் வரும் வேனைத்தான் பார்த்தார்.

“வளைவுல ஒடிக்கிறா பாருங்க. நான் சொல்லித்தரவே இல்ல. ட்ராக்டர்ல என் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வருவா. ஒரு நாள் சாவியக் குடுன்னு கேட்டா. குடுத்தேன். வரப்பு பிசகாம ஓட்டுனா.”

ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவருடைய வலது கால் லாரியின் தரையை ஓங்கி அழுத்தியது. மாதேஸ்வரன் அதைக் கவனித்தார்.

“ஐயா, அங்க பெடல் இல்லீங்க.”

“தெரியுதுங்க. கால் கேக்க மாட்டேங்குது.”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

மண்டபத்து வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். வேன் நின்றது. பெண்ணை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வந்தவர்கள் பின்கதவுப் பக்கம் போய் நின்றார்கள். கோகிலவாணி டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

ஒரு நொடி மேளம் நின்றுபோனது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். கையில் ஸ்டியரிங் கறை. நெற்றியில் வேர்வை. தலையில் பூ பாதிதான் மிச்சம்.

“டிரைவருக்கு மொதல்ல ஒரு டீ குடுங்கப்பா” என்றார் அவர்.

அவள் சிரிப்பு மேளத்தைவிடச் சத்தமாக இருந்தது. மேளக்காரர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். சீர்ப்பாத்திரங்கள் இறங்கின. குத்துவிளக்கோடு பெரிய அத்தை இறங்கினாள். தாலி நேரத்தோடு ஏறியது.

அமுதவல்லியையும் மாதேஸ்வரனையும் யாரும் சாப்பிடாமல் போகவிடவில்லை. முதல் பந்தியில் சென்னியப்பனே நின்று பரிமாறினார். மாதேஸ்வரனின் இலையில் பாயசத்தை இரண்டு முறை ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மாதேஸ்வரன் கேட்டார்.

“குருவே, பானெட் தொறந்து கெடந்தது. நீங்க அதைப் பாக்காம நேரா பின்னால போனீங்க. எப்படித் தெரிஞ்சுது?”

“முன்னாலதான் நீங்க பாத்துட்டீங்களே அண்ணா.”

மாதேஸ்வரன் அதை யோசித்துக்கொண்டே வெளியே வந்தார்.

வேனைக் கீழே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அமுதவல்லி அதன் சக்கரங்களைக் கழற்றி பிரேக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஆறி, நன்றாகப் பிடித்தது. சக்கரங்களைத் திரும்ப மாட்டிவிட்டு லாரியின் பின்னால் மறுபடியும் இரும்புக் கம்பியைப் பூட்டினாள்.

அத்தைமார் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. நேராக லாரிக்கு வந்து ஏறப்போனார்.

“ஐயா, நீங்க வேன்ல ஸ்டியரிங் புடிங்க” என்றாள் அமுதவல்லி.

சென்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

மாதேஸ்வரன் பதறிப்போய் அவள் காதருகில் வந்தார்.

“குருவே, அவரா? காலையில அந்தக் காலாலதானே நாம பட்ட பாடெல்லாம்! நான் வேணா புடிக்கட்டுமா?”

அமுதவல்லி கம்பியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“அண்ணா, இது எறக்கம். இதுக்கு அந்தக் கால்தான் வேணும்.”