வெறும் வாசலில் வைத்த இலை

கதையின் முடிவில் உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லத் துடிக்கும் வாய்கள் அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுமதில் என்ற ஊரில் அந்தி சாய்ந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் இலை விரிப்பார்கள். அன்று உள்ளே சமைத்ததில் ஒரு பிடி அதில் இருக்க வேண்டும். காக்கைக்கு வைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அது காவலுக்கு. முன்னொரு காலத்தில் ஏதோ ஒன்று அந்த ஊருக்குள் புகுந்தது. அது நுழைந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வருவதில்லை. அவர்களுடைய குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த வீட்டுச் சமையலில் ஒரு கசப்பு இறங்கிவிடும். அதனால் சுவைக்காவலர்கள் வாசல் வாசலாகப் போய் இலையில் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் வீட்டை எரிப்பார்கள். கசப்புத் தெரியாமல் எந்த வீட்டிலும் கை வைப்பதில்லை என்பது அவர்கள் செய்த சத்தியம்.

கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்டால், கள்ளன்தான். வீட்டுக்குள் புகுந்த அந்த ஒன்று இலை வைப்பதையே நிறுத்திவிட்டது. சுவைக்க ஒன்றும் இல்லாததால் சுவைக்காவலர்கள் அந்த வாசல்களைத் தாண்டிப் போனார்கள்.

எனவே ஊர் இன்னொரு கூட்டத்தையும் வளர்த்தது. வெறுவாசல் காவலர் என்று பெயர். இவர்கள் எதையும் சுவைப்பதில்லை, யாரையும் விசாரிப்பதும் இல்லை. இலை கிடந்தால் விலகிப் போவார்கள், இல்லாவிட்டால் கோடரியை எடுப்பார்கள். இதற்கு வேண்டிய கண் பிறப்பிலேயே வருவது. சில குடும்பங்களுக்கு அது மந்தம், சில குடும்பங்களுக்குக் கூர்மை. கொற்றி கூரிய கண் படைத்த குடும்பத்துப் பெண். அவள் தெருவுக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

சுவைக்காவலர் ஆதிமூலத்துக்கு ஒரே மகள், செங்கமலம். கிணற்றுத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஓர் அந்தியில் அவர் போனபோது அவள் வாசலில் இலை இல்லை.

“செங்கமலம்! இலை எங்கம்மா?”

“ஒடம்பு சரியில்லப்பா. அடுப்பு மூட்டல. நாளைக்கு வைக்கிறேன்.”

“மாப்பிள்ளை இருக்காரா?”

“தூங்குறாருப்பா.”

“கதவைத் திற, ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்.”

“வேணாம்ப்பா. நீங்க போங்க.”

குரல் அவளுடையதுதான். பெற்றவருக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுப் பூவாயி அவரை ஓரமாக அழைத்தாள்.

“அண்ணே, இந்த வீட்டுச் சுவரு என் முற்றத்துக்குள்ள வந்துடுச்சு. கொத்தனாரும் வரல, செங்கல்லும் எறங்கல.”

அவர் பார்த்தார். சுவர் உண்மையிலேயே வெளியே தள்ளியிருந்தது. தெருக்கிணற்றிலிருந்து புதிதாக ஒரு வாய்க்கால் அந்த வீட்டுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற வீட்டு முருங்கைகளெல்லாம் காய்ந்து நின்றன.

ஆதிமூலம் எதையும் யோசிக்கவில்லை. கொற்றி வரும் நேரம் என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. வீட்டுக்கு ஓடி, தன் பானைச் சோற்றில் ஒரு பிடியை இலையில் வைத்துக் கொண்டுவந்து மகள் வாசலில் விரித்தார். கொற்றி வந்தாள், இலையைப் பார்த்தாள், விலகிப் போனாள். மறுநாளும் அதையே செய்தார். அதற்கடுத்த நாளும் செய்தார். ஊர் முழுக்க மற்றவர் சோற்றைச் சுவைத்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர், தன் சோற்றைத் தானே சுவைத்து “கசக்கவில்லை” என்று ஊருக்குச் சொன்னார். பிள்ளைப் பாசம் யாரை விட்டது?

பிறகு ஓர் அந்தியில் பூவாயியின் வாசலிலும் இலை இல்லை.

“பூவாயி!” என்று கூப்பிட்டார்.

பூவாயி வீட்டுக்குள்ளிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. “ஒடம்பு சரியில்லப்பா. நாளைக்கு வைக்கிறேன்.”

 அப்போதும் கையிலிருந்த இலையைக் கொண்டுபோய் மகள் வாசலில்தான் வைத்தார். நிமிர்ந்தபோது கொற்றி எதிரே நின்றாள். அவள் இலையைப் பார்த்தாள். புடைத்த சுவரைப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு கோடரியை ஓங்கினாள்.

ஆதிமூலம் குறுக்கே விழுந்தார். “இலை கெடக்கு தாயி! இலை இருந்தா வெலகணும்னுதானே உனக்குச் சொல்லியிருக்கு?”

“இலை கெடக்கு பெரியவரே. சுவரும் தெரியுதே.”

“அப்பா,” என்றது உள்ளேயிருந்து. “யாருப்பா அது?”

கதை இங்கே நிற்கிறது. மகளைக் காக்க இலை வைத்த தகப்பன் செய்தது சரியா? இலை கிடந்தும் கோடரியை ஓங்கிய கொற்றி செய்தது சரியா? உள்ளேயிருந்து பேசியது யார்?

விடை: கொற்றி செய்ததுதான் சரி. எழுமதில் நம் உடம்பு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் நடப்பதில் ஒரு துணுக்கை வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. அதை மறைத்துக்கொள்ளும் செல்லைத் தேடி அழிப்பவை இயற்கைக் கொல்லி செல்கள். போலி இலை வைத்து அவற்றை ஏமாற்றும் கிருமிகளும் உண்டு. ஆனால் கொல்லி செல் இலையை மட்டும் பார்ப்பதில்லை. ‘நில்’ என்னும் அடையாளத்தையும் செல்லின் மேல் தெரியும் கேட்டின் அடையாளத்தையும் எடைபோடும், எது கனக்கிறதோ அதன்படி நடக்கும். அந்தக் கண்ணின் கூர்மை பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களைப் பொறுத்தது. கூர்மை மிஞ்சினால் நல்ல வீடுகளும் இடிபடலாம். கடைசிக் கேள்விக்கு, ஏதோ உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் ஊரார் பதில் சொல்வார்கள், அது தவறு. இந்த முறை வெளியிலிருந்து எதுவும் புகவில்லை. புற்று என்பது நம் வீட்டில் பிறந்த பிள்ளையே நிறுத்தத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குள்ளும் வளர்வது. உள்ளேயிருந்து கூப்பிட்டது செங்கமலம்தான். கோடரி இறங்கியபோது ஆதிமூலம் தன் மகளுக்காகத்தான் அழுதார். அதில் அவர் ஏமாறவில்லை.