எட்டு லட்ச ரூபாய் பனியன்

"சரக்கு லிஸ்ட்ல கையெழுத்துப் போடு, இல்லாட்டி பழையபடி துணி வெட்டப் போ!" முதலாளி முன்னாலேயே ஆடிட்டர் வைத்தீஸ்வரன் கத்தினார்.

பத்தாவது ஃபெயிலான சென்னியப்பன் அந்தத் திருப்பூர் கம்பெனிக்கு மேனேஜராகி ஒரு வாரம்தான். கணக்கு தெரியாது; குடோனில் என்ன கிடக்கிறது என்று தெரியும்.

"ஏனுங்க சார், விக்காம தேங்கிக் கிடக்கிற பனியனுக்கு எட்டு லட்சம்னு போட்டிருக்கீங்களே?"

"சரக்கும் சொத்துதான்யா. உனக்கெங்கே புரியப்போகுது?"

"இப்பப் புரிஞ்சுதுங்க. உங்க ஃபீஸ் நாப்பதாயிரத்துக்கு அந்தப் பனியனையே மூட்டை கட்டித் தந்துடறேன்."

"போன வருஷத் திருவிழாத் தேதி அச்சடிச்சதை எவன் வாங்குவான்? சும்மா கொடுத்தாலும் வேண்டாம்!"

சொன்ன பிறகுதான் ஆடிட்டர் நாக்கைக் கடித்தார். முதலாளி அவரையே முறைத்தார்.

சென்னியப்பன் பேனாவை மூடினான். கையெழுத்து மட்டும் போடவில்லை.