வாசற்கதவின் தங்கை

கொட்டாம்புதூரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் தெய்வசிகாமணி, பொன்னையன், மருதாசலம் என்று மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு வீடு கட்டினார்கள். டவுனில் பார்த்த ஆசையில் படுக்கையறைக்குப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் கதவு போட்டார்கள்.

கடைக்குட்டி மருதாசலம் அந்த வெள்ளிக்கிழமை வேலையில் சேர வேண்டும். டவுன் ஜவுளிக்கடையில், வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலை. “பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வரலைன்னா வேற ஆள் பாத்துக்குவேன்” என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். மருதாசலம் புதுச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு, அறைக்கதவைத் தள்ளினான். அது அசையவில்லை. கிடைத்த வேலை போய்விடுமே என்று கதவைப் படபடவென்று தட்டினான்.

“அண்ணா! கதவு சிக்கிக்கிச்சு!”

பெரியவர் தெய்வசிகாமணி ஆசாரிக்குப் போன் போட்டார். “மழைக்கு மரம் ஊதியிருக்கும். கதவுக்கு எண்ணெய் வைங்க. உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர் நின்னு வலது கைப் பக்கமாத் தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு ஆசாரி சாப்பிடப் போய்விட்டார்.

எண்ணெய்ச் சட்டியோடு வந்த பொன்னையன் தயங்கி நின்றார்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்ணா. பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கற நாள். கதவு ஆம்பளையா இருந்தா நாளைக்குத்தானே வைக்கணும்?”

தெய்வசிகாமணி தாடையைத் தடவி யோசித்தார். “வாசக்கதவுல மகாலட்சுமி இருக்கறான்னு சொல்றாங்க. அப்பக் கதவு பொம்பளைதான்.”

“இது படுக்கையறைக் கதவுங்ளே?”

“அப்ப வாசக்கதவோட தங்கச்சி. ஊத்துடா.”

“மணி ஒன்பதாச்சுங்ணா!” என்று உள்ளேயிருந்து மருதாசலம் அழாக்குறையாகக் கத்தினான்.

எண்ணெயை உச்சந்தலையில்தானே வைப்பார்கள்? பொன்னையன் ஸ்டூல் போட்டு ஏறி, சட்டியிலிருந்த நல்லெண்ணெய் முழுவதையும் கதவின் உச்சியில் கவிழ்த்தார். கதவு முழுக்க வழிந்து, தொட்ட கையெல்லாம் வழுக்கியது. எண்ணெய் தேய்த்தால் குளிப்பாட்டாமல் விடலாமா? வெந்நீர் ஊற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். சளி பிடித்துவிடக் கூடாதென்று சாம்பிராணியும் காட்டினார்கள். இடுக்கு வழியே போன புகையில் மருதாசலம் இருமித் தீர்த்தான்.

பிறகு தள்ளும் வேலையில் இறங்கினார்கள். அண்ணன்மார் இருவரும் வெளியே நின்று தங்கள் வலது கைப் பக்கம் தள்ளினார்கள். மருதாசலம் உள்ளே நின்று, ஆசாரி சொல் தட்டாமல், தன் வலது கைப் பக்கம் தள்ளினான். கதவு முனகியது, நகரவில்லை.

“உள்ள யாரோ எதிர்த்துத் தள்றாங்கடா!” என்றார் பெரியவர்.

“இங்க நான் மட்டுந்தாங்ணா. வெளியதான் யாரோ தள்றாங்க!”

“இங்கயும் நாங்க மட்டுந்தான்.”

மூவரும் பயந்துபோய் இன்னும் பலமாகத் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் தெய்வசிகாமணிக்கு ஒரு யோசனை உதித்தது. “எங்களுக்குப் பலம் பத்தல. மருதா, நீயும் இங்க வந்து ஒரு கை குடு!”

கம்பி போட மறந்த ஜன்னல் ஒன்று அறையில் இருந்தது. மருதாசலம் அதன் வழியே குதித்து, வீட்டைச் சுற்றி ஓடி வந்து, அண்ணன்களோடு சேர்ந்து தள்ளினான். கதவு சர்ரென்று திறந்துகொண்டது.

“தப்பிச்சடா மருதா! இனி தைரியமா வெளிய வா!” என்றார் பெரியவர்.

மருதாசலத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. திரும்ப ஓடி, ஜன்னல் வழியே உள்ளே ஏறி, கதவு வழியே வெளியே வந்தான். அண்ணன்மார் கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள்.

ராகு காலம் தொடங்கப் போகிற நேரத்தில் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். முதலாளியும் கொட்டாம்புதூரில் பிறந்தவர்தான். கடையின் ஸ்லைடிங் கண்ணாடிக் கதவை அவர் உள்ளேயிருந்து வலது பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். மருதாசலம் வெளியேயிருந்து வலது பக்கம் தள்ளினான். கதவு அசையவில்லை. ஆனால் இப்போது அவன் பழைய மருதாசலம் இல்லை.

“முதலாளி! உள்ள நின்னா ஆகாதுங்க. பின்வாசல் வழியா இங்க வாங்க!”

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே தள்ளு, கதவு திறந்தது.

“இப்படி விவரமான ஆளைத்தான் இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்!” என்று அங்கேயே வேலையை உறுதி செய்த முதலாளி, ஏற்கெனவே பின்வாசல் வழியாக வந்து உள்ளே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களை நோக்கிக் கைதட்டினார்.

“கதவு திறந்தாச்சுங்க! எல்லாரும் பின்வாசல் வழியா வெளிய போயி, முன்வாசல் வழியா உள்ள வாங்க!”