மிச்சமிருந்த சாமானும் நடுங்கிய மாரப்பனும்

கோணவாய்க்கால் என்கிற தறி ஊரில் சென்னியப்பன், பொங்கியண்ணன், மாரப்பன் என்று மூன்று பேர் கூட்டாகச் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் மூவரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. தொல்லையே அதுதான்.

ஒருநாள் காலையில், தறி ஓட்டும் மயிலாத்தாள் ஸ்கிரீன் உடைந்த போனை நீட்டினார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள்.

"வலி எடுத்ததும் மாப்பிள்ளை கூப்புடுவாரு தம்பி. தறிச் சத்தத்துல மணியடிச்சாக் கேக்காது. இடுப்புல போன் நடுங்குனாத்தான் எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள்ள குடுத்துருங்க."

ஸ்கிரீனை மாற்றி மூடிய பிறகு மேசையில் ஒரு சாமான் மிச்சமிருந்தது. சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளி நிறம், இரண்டு பொடி ஒயர். மூவரும் துக்கம் கேட்க வந்தவர்கள் போல அதைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். பிறகு தொழில் சொல்லிக்கொடுத்த திருச்செங்கோட்டு அர்த்தநாரி மாஸ்டரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"பிரிக்கறதுக்கு முன்னால போட்டோ எடுக்கச் சொன்னனே, எடுத்தீங்களாடா?"

"எடுத்தமுங்க மாஸ்டர்," என்றான் சென்னியப்பன். "மூணு பேருமே நல்லா விழுந்திருக்கறமுங்க."

மாஸ்டர் அடுத்த வழிக்குத் தாவினார். "சரி, பேட்டரியில தொட்டுப் பாரு."

மாரப்பன் பேட்டரியை விரலால் தொட்டான். "தொட்டாச்சுங்க. சூடில்லீங்க."

"உன்ற விரலை இல்லடா, அந்த ஒயரை!"

ஒயர் பட்டதும் சாமான் விர்ரென்று நடுங்கி மேசையில் ஓடியது. மூவரும் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்கள்.

"குளுருதாட்ட இருக்குது," என்றான் பொங்கியண்ணன்.

"சித்திரையில ஏதுடா குளுரு? இது காய்ச்சல்," என்றான் சென்னியப்பன். சாமானைப் பஞ்சில் சுற்றினார்கள். உங்களுக்கும் எனக்கும் புரிந்துவிட்டது. மாஸ்டருக்கும் புரிந்துவிட்டது.

"அது எங்க இருந்துச்சோ அங்கயே வையுங்கடா!" என்று கத்திவிட்டு அவர் போனை வைத்தார்.

"எங்க இருந்துச்சு?"

"மேசையில, டீ கிளாசுக்குப் பக்கத்துல."

கிளாசை டீக்கடைக்காரர் எடுத்துப் போயிருந்தார். பொங்கியண்ணன் ஓடிப்போய் அதே கிளாசை வாங்கி வந்தான். அதில் பாதி டீ இருந்ததே என்று மாரப்பன் சொல்ல, பாதி டீயும் வந்தது. அதற்குப் பக்கத்தில் சாமானைப் பதமாக வைத்துவிட்டு மூவரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் மயிலாத்தாள் வந்தார். கூப்பிட்டுப் பார்த்தால் மணி அடித்தது, போன் நடுங்கவில்லை.

"உடைஞ்ச நோவுல நடுங்கியிருக்குமுங்கக்கா. இப்பக் குணமாயிருச்சு," என்றான் சென்னியப்பன்.

"அட நாசமாப் போறவனுங்களா! எம்புள்ள வலியில கெடக்கறது எனக்கு எப்படிடா தெரியும்?" மயிலாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், பெற்ற வயிறு.

மூவரும் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நல்லவர்கள்தான், யார் இல்லை என்றது? கூடி யோசித்துத் தீர்ப்பும் சொன்னார்கள். போன் நடுங்காவிட்டால் அதற்குப் பதிலாக ஓர் ஆள் நடுங்க வேண்டும். போன் கடையிலேயே இருக்கட்டும், அது அடித்ததும் மாரப்பன் ஓடிவந்து மயிலாத்தாள் முன்னால் நடுங்குவான். அதற்குள் தறிக்கூடத்துச் சங்கு ஊதிவிட்டதால் அவரும் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. மாரப்பன் பறந்தான். தறிக்கூடத்தில் அவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறியதைப் பார்த்து, வலிப்பு என்று பயந்த பெண்கள் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மயிலாத்தாள் மட்டும் தறியை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடினார். விடாமல் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துப் பேசி, அதோடு பஸ் ஏறி, பேத்தி பிறப்பதற்கு அரை மணி முன்னாலேயே மகள் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் சாயங்காலம் ஆகியும் மாரப்பன் திரும்பவில்லை.

"போனை எடுத்தாத்தான நடுக்கம் நிக்கும்? எடுத்தாச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான் சென்னியப்பன்.

"கூப்புட்டுச் சொல்லீரலாம்."

"தறிச் சத்தத்துல அவனுக்கு மணி கேக்காதேடா."

அதனால் சென்னியப்பன் கடையிலிருந்து மாரப்பனின் போனுக்கு அடித்தான். பொங்கியண்ணன் தறிக்கூடத்துக்கு ஓடி, மாரப்பன் எதிரில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் கிடுகிடுவென்று நடுங்கினான்.

சாவிக்கொத்து குலுங்க, பல் தந்தியடிக்க, மாரப்பன் கத்தினான்: "இருடா! இப்ப மயிலாக்கா போன் அடிச்சுட்டு இருக்குது. அது முடியட்டும், அப்பறம் என்ற போனை எடுக்கறேன்!"