இருளாண்டிக்கு வைத்த விருந்து

வானத்தில் இருப்பவை எல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் நட்டநடுவில் இருளாண்டி என்றொரு கருந்துளை குடியிருந்தான். கோடிக்கணக்கான சூரியன்களின் எடை அவனுக்கு. பசியும் அதற்கேற்ற மாதிரிதான். பக்கத்தில் போன வாயு மேகத்தை இழுத்து விழுங்குவான். கொஞ்சம் கண்ணயர்வான். மறுபடி விழிப்பான். யாரை எப்போது இழுப்பான் என்று ஒருவருக்கும் தெரியாது. சுற்றியிருந்த மேகங்களுக்கு அதுவும் ஒரு பிழைப்பா, சொல்லுங்கள்?

அந்த மேகங்களில் ஒருத்தி பூவாத்தா. அவள் வயிற்றில் ஒரு நட்சத்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் இரண்டு உருவாகி, இரண்டையும் இருளாண்டி பிய்த்துக்கொண்டு போயிருந்தான். நட்சத்திரம் பிறக்க வேண்டுமென்றால் மேகம் குளிர்ந்து, அசையாமல் கிடக்க வேண்டும். பயந்து நடுங்கிக்கொண்டே இருப்பவளுக்கு அது எங்கே வாய்க்கும்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்து மேகமான சடையனைக் கூப்பிட்டாள்.

"மாமா, அவனுக்கு ஒரே தடவையா வயிறு முட்டப் போட்டுட்டா என்ன? அசந்து தூங்கிடுவான். என் பிள்ளை பிறக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான்."

சடையன் தயங்கினார். "இதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சதில்லையேம்மா. எனக்கென்னவோ மனசு ஒப்பல."

"மூணாவதையும் நான் வாரிக் கொடுக்கணுமா மாமா?"

சடையன் கிளம்பினார். எல்லா மேகங்களிடமும் போய்ப் பேசினார். ஆளுக்குப் பாதி உடம்பைத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி கேட்கும்போது யாருக்குத்தான் இல்லையென்று சொல்ல மனம் வரும்?

விருந்து தொடங்கியது. எல்லாரும் ஒரே சமயத்தில் கொட்டினார்கள். இருளாண்டி வாரி வாரி விழுங்கினான். கடைசியில் அவனுக்கே மூச்சு முட்டியது. "போதும் தங்கச்சி, இனி இறங்காது" என்றான்.

பூவாத்தா கேட்கவில்லை. இலையை மறைக்கிற கைக்கு மேலேயே இன்னொரு கரண்டி போடுவோமே, அந்த மாதிரிதான். "இன்னும் ஒரே ஒரு வாய் அண்ணே. என் பிள்ளைக்காகச் சாப்பிடுங்க" என்று தன் பாதி உடம்பையும் தள்ளிவிட்டாள்.

அங்கேதான் கெட்டது. அவனுக்கு வயிறு பெரிது, வாய் சின்னது. உள்ளே போக வழியில்லாத வாயு அவனைச் சுற்றிச் சுழன்றது. ஒன்றோடொன்று உரசிக் கொதித்தது. கொதித்துப் பளீரென்று எரிந்தது. அந்த வெளிச்சமே மிச்சத்தையெல்லாம் பிடித்து வெளியே தள்ளியது. அடேயப்பா, காற்றா அது! மேகங்கள் கந்தல் கந்தலாகக் கிழிந்து பறந்தன.

"பூவாத்தா, பிள்ளையப் பிடிச்சுக்கோ!" என்று சடையன் கத்தினார். அதற்குமேல் அவர் இல்லை.

பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், பாவம். ஆனால் சூடு உள்ளே புகுந்துவிட்டது. குளிர்ந்து திரண்டிருந்த பிள்ளை இளகியது, கலைந்தது. தொட்டுப் பார்த்தவளுக்கு வெறும் புகைதான் அகப்பட்டது. "ஐயோ, என் கையாலயே பண்ணிட்டேனே!" என்று அலறிக்கொண்டே அவளும் வெளியே பறந்தாள்.

இருளாண்டி, அவள் நினைத்தபடியே தூங்கிப்போனான். அவனைப் பார்த்துப் பயப்பட அங்கே ஒரு மேகமும் மிச்சமில்லை.

அளவுக்கு மீறித் தின்ற கருந்துளை காற்றாய்க் கக்குவதும், அந்தக் காற்று அடித்த நட்சத்திரக் கூட்டத்தில் புது நட்சத்திரம் பிறக்காமல் போவதும் அன்று தொடங்கியதுதான். அந்தக் காற்றைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே ஒளியை நம் பூமியின் காற்று தரைக்கு விடாது. அதனால் மனிதர்கள் தொலைநோக்கியை விண்வெளிக்கே ஏற்றிவிட்டு, எவ்வளவு வாயு போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது, வெறும் வயிற்றோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பூவாத்தாதான்.