விண்வெளிக்குப் புறப்பட்ட நீர்மூழ்கி

முன்னொரு சமயம் ஒரு கடற்படைத் துறைமுகத்தில் கிழட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கக் கரையேறி நின்றது. அதன் மேல்மூடியில் ஒரு ரப்பர் வளையம். குக்கர் மூடிக்குள் இருக்குமே, அதே சாதிதான். என்ன, கொஞ்சம் தடிமன். கடலை உள்ளே விடாமல் காப்பது அதன் வேலை.

அந்த வளையத்தின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கப்பல் மறுபடி முங்கும்போது உள்ளே இருக்கிற ஆட்கள் கதி என்ன ஆகுமோ என்று வளையம் கவலைப்பட்டது.

"யாராச்சும் மெக்கானிக்குக்கு ஒரு சாடை காட்டுங்களேன்" என்று கெஞ்சியது.

யார் கேட்டார்கள்? கப்பலுக்குள் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிளப்பிவிட்டது பெரிஸ்கோப், கடலுக்கு மேலே நீட்டி வேடிக்கை பார்க்கும் குழாய். வெளியுலகம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று அதற்கு எப்போதுமே ஒரு மிதப்பு.

"நம்மள ரகசியமா விண்கலமா மாத்துறாங்க. இல்லேன்னா வெள்ளிப் பெயின்ட் எதுக்கு? குண்டையெல்லாம் ஏன் இறக்குனாங்க? யோசிங்கப்பா!"

"துருப் பிடிக்காம இருக்கப் பெயின்ட். குண்ட உள்ள வச்சுக்கிட்டா வெல்டிங் அடிப்பாங்க?" என்றது வளையம்.

"பாத்தீங்களா, டக்குடக்குனு பதில் சொல்லுது! யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவ்வளவுதான். அதுவரை வளையத்தோடு ஒட்டி உறவாடிய திருகாணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வளையம் இனி நம்பக்கூடியது காற்றழுத்த மீட்டர் ஒன்றைத்தான். கப்பலை இறக்குமுன் மூடியைச் சாத்தி, உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சத்தை பம்ப் வைத்து உறிஞ்சுவார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழையும். மீட்டரின் முள் ஏறிவிடும். அப்போது தெரிந்துதானே ஆக வேண்டும்!

சோதனை நாளும் வந்தது. மெக்கானிக் மரியசெல்வம் பம்ப்பைப் போட்டான்.

"காத்த எடுக்குறாங்க!" பெரிஸ்கோப் குதித்தது. "காத்தே இல்லாத இடம் எது? இன்னும் என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு? இது பரீட்சை. தோத்தா பழைய இரும்புக் கடைதான்."

பம்ப் நின்றது. வெடிப்பு வழியாகக் காற்று மெல்லச் சீறியது. முள் துடித்தது.

"ஏறுண்ணே, ஏறு! தண்ணிக்குள்ள போனா எல்லாரும் செத்துருவாங்கண்ணே!" என்று வளையம் கதறியது.

மீட்டர் நல்ல பிறவிதான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் வானத்து ஆசை யாரை விட்டது? இந்த ஒரு தடவை மட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடித்து நிறுத்தியது.

"முள்ளு அசையவே இல்ல சார். பக்கா!" என்று ஆபீசரிடம் சொன்னான் மரியசெல்வம். மூடியைத் திறந்து, வளையத்துக்குக் கிரீஸ் தடவி, செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். "நல்லாருக்கடா கண்ணு." வளையத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மரியசெல்வத்தையும் மற்ற ஆட்களையும் சுமந்துகொண்டு கப்பல் கடலில் இறங்கி, முங்கத் தொடங்கியது. பெரிஸ்கோப்பை உள்ளே இழுத்துவிட்டார்கள். அதற்கு இப்போது ஒன்றுமே தெரியவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. "கிளம்பிட்டோம்! மேல போறோம்!"

ஆழம் கூடக் கூடக் கடல் மூடியைப் போட்டு அழுத்தியது. வளையம் தன் உயிரையெல்லாம் கூட்டி வெடிப்பை இறுக்கிப் பார்த்தது. முடியவில்லை. முதலில் சொட்டு, பிறகு தாரை, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது.

"தண்ணி! தண்ணி வருது! கப்பல மேல ஏத்துங்க!" மரியசெல்வம் அலறினான். கப்பல் ஏறவில்லை. விளக்குகள் அணைந்தன.

மீட்டர் பெரிஸ்கோப்பைக் கேட்டது: "என்னண்ணே இது, தண்ணி வருதே?"

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி பெரிஸ்கோப் சொன்னது: "பாத்தியா? வானத்துல தண்ணி இருக்குறத இத்தன நாளா நம்மகிட்டருந்து மறைச்சுட்டானுங்க!"